கேட்டு வாங்காத பிராணி

அந்தப் பிராணிக்குத் தாய் கிடையாது. அந்த வீடியோ கேம் உலகத்தில் மற்ற பிராணிகள் எல்லாம் புல்லுக்குள்ளும் குகைக்குள்ளும் தண்ணீருக்குள்ளும் இருக்கும். நாம் நடந்து போகும்போது திடீரென்று குறுக்கே வந்து நிற்கும், பிடிக்கலாம். இது அப்படி வராது. ஒரு ஊரில் பூட்டிக் கிடக்கும் கட்டடத்துக்குள் ஆராய்ச்சிக்காரர்கள் கம்ப்யூட்டரில் எழுதி எழுதியே இதைச் செய்து வைத்திருந்தார்கள். சாவியைத் தேடிக் கண்டுபிடித்து உள்ளே போனால், மேசை மேல் உட்கார்ந்திருக்கும். ஒரு ஆட்டத்துக்கு ஒன்றுதான்.

பார்வைக்கு ஒரு சின்னப் பெட்டி. கீழே நாலு குச்சிக் கால். முன்பக்கம் ஒரு ஜன்னல் மாதிரி இருக்கும், அதற்குள் ஒரு புள்ளி இடமும் வலமுமாக நகரும். அதுதான் கண். மற்றவை உறுமும், கத்தும். இது மட்டும் டெலிபோன் ரிசீவரை எடுத்தால் வருமே, அது போல ஒரே சீராக "ம்ம்ம்" என்று ஒரு சத்தம் கொடுக்கும். அதைப் பற்றி விளையாட்டிலேயே இரண்டு வரி எழுதியிருந்தது. அகராதியை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தேன். மனிதர்கள் செய்தது, மூச்சு விடாது, சொன்னதைச் செய்யும் என்று இருந்தது. எனக்கு என்னைப் பற்றிப் படித்த மாதிரி இருந்தது.

அப்போது எனக்கு இருபது வயது. பிளஸ் டூ முடித்து, மேலே படிக்க மார்க்கும் இல்லாமல் மனசும் இல்லாமல், மதுரை வில்லாபுரத்தில் பெரியப்பாவின் எஸ்.டி.டி. பூத்தில் உட்கார்ந்திருந்தேன். தொண்ணூறுகள் முடிந்து இரண்டாயிரம் பிறந்த சமயம். செல்போன் பெரிய ஆட்கள் கையில் மட்டும்தான் இருந்தது. என் வேலை, வருகிறவர் சொல்லும் நம்பரை எழுதிக்கொள்வது, கண்ணாடிக் கதவைக் காட்டுவது, பேசி முடித்ததும் மீட்டரிலிருந்து வரும் சீட்டைக் கிழித்துக் கொடுப்பது. வாயைத் திறக்காமலே ஒரு நாளை ஓட்டிவிடலாம். எனக்கு அது வசதியாக இருந்தது. சின்ன வயதிலிருந்தே யாரிடமும் எதையும் கேட்க எனக்கு வராது. கடையில் மிச்சச் சில்லறை குறைந்தால்கூட அப்படியே வந்துவிடுவேன். ஊரே வந்து பேசிவிட்டுப் போகும் இடத்தில் பேசாதவனை உட்கார வைத்திருக்கிறார் என்று பெரியப்பாவை எல்லாரும் கேலி செய்வார்கள்.

அந்த விளையாட்டு ஓடும் கையளவு மிஷினை சிங்கப்பூரில் வேலை பார்த்த என் மாமா தன் மகனுக்கு வாங்கி வந்தார். அவன் நாலு நாளில் அலுத்துப்போய் என்னிடம் தந்துவிட்டான். பென்சில் பாட்டரி போட வேண்டும். பின்னால் ஒரு கேசட்டைச் செருக வேண்டும். கறுப்பு வெள்ளைப் படம்தான். பிராணிகளைப் பிடிப்பது, வளர்ப்பது, சண்டைக்கு விடுவது. அதுதான் ஆட்டம். இருபது வயது ஆள் இதை வைத்து விளையாடுகிறான் என்று தெரிந்தால் மானம் போய்விடும் என்று மேசை டிராயருக்குள் வைத்து, குனிந்து குனிந்து விளையாடுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படி விளையாடிக்கொண்டிருந்தபோது கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு ஒருவன் தலையை நீட்டினான்.

"அண்ணே, போனை வச்சுட்டேன். டயல் டோன் மட்டும் எங்கிட்டோ இருந்து கேக்குது."

நான் டிராயரை அவசரமாக மூடினேன். மூடிய டிராயரும் "ம்ம்ம்" என்றது.

அவன் என்னைப் பார்த்தான், டிராயரைப் பார்த்தான். "அந்தப் பொட்டி தானே? சாவி கிடைச்சிருச்சா உங்களுக்கு? எனக்கு இன்னும் கிடைக்கல."

அப்படித்தான் பழக்கமானோம். அவனுக்கும் என் வயதுதான். தெப்பக்குளம் பக்கத்துச் சௌராஷ்டிரக் குடும்பம். விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தான். கடைக்குச் சரக்கு கட்டிக் கொடுப்பவர்கள் எங்கள் பகுதியில் இருந்ததால் ஞாயிற்றுக்கிழமை அங்கே வருவான். வரும்போது எங்கள் பூத்திலிருந்து சேலத்தில் கட்டிக் கொடுத்த தன் அக்காவுக்குப் பேசுவான். அவர்கள் வீட்டுப் பாஷையில் பேசுவான், எனக்கு ஒரு வார்த்தை புரியாது. சிரிப்பு மட்டும் புரியும். இரண்டாவது வாரமே "அண்ணே" போய் "மாப்ள" வந்துவிட்டது. அவன் பத்து வார்த்தை பேசினால் நான் ஒன்று பேசுவேன். அவனுக்கு அது ஒரு குறையாகத் தெரியவில்லை.

அவனிடம் இரண்டு மிஷினை இணைக்கும் வயர் இருந்தது. அது பெரிய விஷயம். ஏனென்றால் அந்தப் பெட்டிப் பிராணி எவ்வளவு சண்டை போட்டாலும் அடுத்த உருவத்துக்கு மாறாது. வயர் வழியாக இன்னொருவரின் மிஷினுக்குப் போனால்தான் மாறும். அதைச் செய்தவர்கள் அப்படி ஒரு நிபந்தனை வைத்திருந்தார்கள். தனியாக வைத்திருப்பவனிடம் அது கடைசி வரைக்கும் பெட்டியாகவே இருக்கும்.

வயரில் ஒன்றை அனுப்பினால் பதிலுக்கு ஒன்று வந்தாக வேண்டும், சும்மா அனுப்ப முடியாது. அவன் தன்னுடையதில் ஒரு நீர்க்காகத்தை எடுத்து வைத்தான். உள்ளதிலேயே பெரியது. ஆட்டத்தின் தொடக்கத்தில் மூன்று பிராணிகளைக் காட்டி ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். அப்படி எடுத்த முதல் பிராணி அது.

"இதையா?" என்றேன்.

"நீ ஒன்னே ஒன்னைத் தார. நான் மட்டும் புழுவையா தர முடியும்? வச்சிரு. எங்க அக்கா எடுத்தது இது. கல்யாணத்துக்கு முந்தி நாங்க ரெண்டு பேரும்தான் இதை விளையாடுவோம். பேரும் அவ வச்சதுதான்."

இங்கிலீஷ் எழுத்தில் ஐந்தெழுத்துப் பெயர். அவர்கள் பாஷை. என்ன அர்த்தம் என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

என் பெட்டி வயருக்குள் போனது. அவன் திரையில் வெள்ளை வெளிச்சம் அடித்தது. பெட்டி முனைகள் மழுங்கி உருண்டையானது. ஜன்னலில் ஒரு புள்ளி இருந்த இடத்தில் இரண்டு வந்தன. இப்போது அது பார்க்கிற மாதிரி இருந்தது.

உடனே திருப்பித் தந்துவிடுவான் என்று நினைத்துக்கொண்டு மிஷினை நீட்டியபடியே நின்றேன். அவன் வயரைப் பிடுங்கிச் சுருட்டினான்.

"வச்சிருந்து தாரேன் மாப்ள."

"ம்" என்றேன். வேண்டாம் என்று சொல்லும் இடத்தில் நான் எப்போதும் சொல்லும் வார்த்தை அது.

அடுத்த ஞாயிறு வந்தான். கடைக் கதை பேசினான். முதலாளி ஒரே சேலையை மூன்று விலைக்கு விற்ற கதை. சிரித்தேன். பெட்டியைப் பற்றி அவன் பேச்செடுக்கவில்லை. அதற்கு அடுத்த வாரம் கேட்டே தீருவது என்று காலையிலிருந்து மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். "அது முடிஞ்சா தந்துரு மாப்ள." நாலே வார்த்தை. அவன் வந்ததும் "அந்த..." என்றேன். "எந்த?" என்றான். அதற்குள் ஒரு அம்மா கோயம்புத்தூர் நம்பரை நீட்டினார். அவர் பேசி முடிக்கும்போது என் நாலு வார்த்தையும் எங்கோ போயிருந்தது.

மூன்றாவது ஞாயிறு ஆளைக் காணவில்லை. நாலாவது ஞாயிறும் இல்லை. பக்கத்து டீக்கடையில் அந்தச் சரக்கு கட்டுபவர்களில் ஒருவர், அவன் லீவு போட்டு சேலம் போயிருக்கிறான் என்றார். "பஸ்ல பூராம் அந்த வீடியோ கேமைத்தான் நோண்டிக்கிட்டுப் போனானாம். யாருக்கோ காட்டணுமாம்."

காட்டவா, கொடுக்கவா? அன்று முழுக்க அதே யோசனைதான். வேறு யாராக இருந்தாலும் கேட்டு வாங்கியிருப்பார்கள். அவனுக்குத் தெரியும், நான் கேட்க மாட்டேன் என்று. கேட்காதவனிடம் எடுப்பது எல்லாருக்கும் சுலபம். பள்ளிக்கூடத்தில் என் ஜாமெட்ரி பாக்ஸ் போனது, தீபாவளிக்கு எடுத்த சட்டையைச் சித்தப்பா மகன் போட்டுக்கொண்டு போனது, எல்லாம் சேர்ந்துகொண்டு வந்தன. அவன் முகத்துக்கு நேராக ஒரு வார்த்தை சொல்ல முடியாத நான் மிஷினை எடுத்தேன். நீர்க்காகத்தின் மேல் அம்புக்குறியை வைத்தேன். பிராணியை வேண்டாம் என்று வெளியே விட்டுவிட அதில் ஒரு வழி இருக்கிறது. நிச்சயமா என்று கேட்கும். அம்புக்குறி "இல்லை"யில்தான் நிற்கும், நாமாக மேலே நகர்த்த வேண்டும். நகர்த்தினேன். அது ஒரு தடவை கத்தியது. போய் வா என்று ஒரு வரி வந்தது. அவ்வளவுதான். ஒரு டீ குடித்து முடிக்கும் நேரம் வரை எனக்கு நிம்மதியாக இருந்தது.

அதற்கு அடுத்த ஞாயிறு அவன் வந்தான். ஸ்டூலை இழுத்துப் போட்டு, பையிலிருந்து வயரை எடுத்தான்.

"மிஷினை எடு மாப்ள. உன் சாமானைக் கொண்டாந்துட்டேன்."

அவன் திரையைக் காட்டினான். உருண்டைப் பிராணி நின்றது. நான் கொடுக்கும்போது இருபத்தொன்றாம் லெவல். இப்போது நாற்பத்தெட்டு. கூடவே, பலத்தைக் கூட்டும் ஒரு கல் வேறு இருந்தது. ஆட்டத்தில் ஒன்றே ஒன்றுதான் கிடைக்கும் கல்.

"ஒரு மாசமா இதுக்குத்தான் மாப்ள மாரடிச்சேன். கடையில சாப்பாட்டு நேரம் பூராம் இதுதான்."

"எதுக்கு?"

"எதுக்கா? உங்க வீட்டுல ஒரு ஏனத்துல குழம்பு குடுத்து விட்டா, நாங்க வெறும் ஏனத்தையா திருப்பிக் குடுப்போம்? ஒரு வாழப்பழமாச்சும் போட்டுத்தானே குடுப்போம்."

எங்கள் வீட்டிலும் அதே வழக்கம்தான். பக்கத்து வீட்டுக் கிண்ணத்தில் போட எதுவும் இல்லையென்றால் அம்மா ஒரு கை சீனியாவது போட்டுத்தான் அனுப்புவாள். அதற்காகவே சில கிண்ணங்கள் எங்கள் வீட்டில் வாரக்கணக்கில் தங்கிவிடும். கிண்ணத்தை எடுத்துக்கொண்டார்கள் என்று யாரும் சண்டைக்கு வந்ததில்லை. அதெல்லாம் எனக்குத் தெரியும். மிஷினுக்குள் இருக்கும் ஒன்றுக்கு அந்த வழக்கத்தை ஒருவன் பார்ப்பான் என்று எனக்குத் தோன்றவில்லை.

அவன் பேசிக்கொண்டே போனான். "அக்காவுக்குப் பிள்ளை பிறந்திருக்குல்ல, பாக்கப் போனேன். இதைக் காட்டினேன். நல்லாத்தான்டா இருக்கு, என்னோடது எங்கன்னு கேட்டா. மதுரையில ஒரு பையன்கிட்ட பத்திரமா இருக்குன்னு சொல்லிட்டு வந்தேன். எடு, எடு. அதை வை."

சொல்வதற்கு ஒரு நல்ல பொய் தயாராக இருந்தது. அந்தக் கேசட்டுக்குள் ஒரு சின்ன பாட்டரி இருக்கும். அது தீர்ந்தால் பதிவு எல்லாம் அழிந்துவிடும் என்பது விளையாடுகிற எல்லாருக்கும் தெரியும். யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

"பாட்டரி..." என்றேன்.

"பாட்டரிக்கு என்ன? தீரப் போகுதா? நான் வச்சிருக்கேன், போடுறியா?" என்று பையைத் துழாவினான்.

அதற்கு மேல் என்னால் அந்தப் பொய்யைத் தள்ளிக்கொண்டு போக முடியவில்லை. "நான் வெளிய விட்டுட்டேன்" என்றேன்.

"எதை?"

"உன்னோடதை."

முதலில் சிரித்தான். நான் கேலி பேசி அவன் பார்த்ததில்லை, அதனால் சந்தோஷமாகவே சிரித்தான். பிறகு என் கையிலிருந்து மிஷினை வாங்கி ஒவ்வொரு அறையாகத் திறந்து பார்த்தான். பிடித்த பிராணிகளைப் போட்டு வைக்கும் அறைகள் பன்னிரண்டு. அவன் நாலாவதில் இருக்கும்போது ஒரு பெரியவர் வந்து திருச்சிக்கு நம்பர் கேட்டார். போட்டுக் கொடுத்தேன். மீட்டரில் சிவப்பு எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. அவன் பட்டனை அமுக்கும் சத்தமும் கேட்டுக்கொண்டிருந்தது. பெரியவர் போன பிறகுதான் தலையைத் தூக்கினான்.

"ஏன்?"

"நீ தர மாட்டேன்னு நினைச்சேன்."

"நான் அப்பிடிச் சொன்னேனா?"

"இல்ல."

"நீ கேட்டியா?"

"இல்ல."

"கேட்டா தந்துட்டுப் போறேன். இம்புட்டு நாளும் வாய்ல என்னத்த வச்சிருந்த?"

கோபத்தில் வயரைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவான் என்று எதிர்பார்த்தேன். அதையும் ஒருவேளை விரும்பினேன். அவன் அப்படிச் செய்யவில்லை. "ஏதாச்சும் ஒன்னைப் போடு" என்றான். முதல் ஊர்ப் புல்லில் காலை வைத்தால் வரும் ஒரு பூச்சியைப் போட்டேன். அது அவனிடம் போனது. என் பெட்டி, உருண்டையாகி, லெவல் ஏறி, கல்லுடன் என்னிடம் வந்து "ம்ம்ம்" என்றது. அவன் எழுந்துகொண்டான். போன் இருக்கும் பக்கம் திரும்பவே இல்லை.

"என்னன்னு சொல்லிப் பேச?" என்றான். அது என்னிடம் கேட்ட கேள்வி இல்லை.

இரண்டு நாள் அந்தப் பிராணியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த விளையாட்டுக்குள் செயற்கை என்று சொல்லப்பட்டது அது ஒன்றுதான். உண்மையில் நீர்க்காகமும் பூச்சியும் புல்லும் எல்லாமே யாரோ எழுதியவைதான். ஆனால் மற்றதெல்லாம் பிறந்த மாதிரியும், இது மட்டும் செய்த மாதிரியும் நாங்கள் நம்பினோம். அப்படிப் பார்த்தால் நான் வெளியே விட்டது ஒன்றுமே இல்லை, நாலைந்து எண்கள். ஆனால் ஒரு பெண் கல்யாணத்துக்கு முந்தி தம்பி பக்கத்தில் உட்கார்ந்து எடுத்த எண்கள் அவை. அப்படி மனதுக்குள் வந்த பிறகு எண்கள் என்று சொல்லித் தப்பிக்க முடியவில்லை.

புதன்கிழமை பெரியப்பாவிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தேன். யார் வீட்டுக்கும் நானாகப் போனதில்லை. தெப்பக்குளத்தில் தண்ணீர் இல்லை, உள்ளே கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். இரண்டு தெருவில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். விசாரிப்பதற்கே இரண்டு தடவை குளத்தைச் சுற்றினேன். அவன் அம்மா வந்து யார் என்று கேட்டார். "எஸ்.டி.டி. பூத்" என்றேன். உள்ளே திரும்பி அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னார். அவன் கைலியைக் கட்டிக்கொண்டே வந்து வாசலில் நின்றான்.

வழியெல்லாம் சொல்லிப் பார்த்ததை ஒரே மூச்சில் சொன்னேன். "நான் ஆட்டத்தை முதல்லருந்து ஆரம்பிக்கிறேன். மூணுல அதே பிராணியை எடுத்து, அதே பேரு வச்சு, நீ வச்சிருந்த லெவலுக்கு ஏத்தித் தாரேன். ஒரு மாசம் ஆகும்."

"முதல்லருந்து ஆரம்பிச்சா பழசு பூராம் அழியும். உன் பொட்டியும் போயிரும்."

"போகட்டும்."

அவன் தெருவைப் பார்த்தான். "வேணாம் மாப்ள. அது வேற. மூணுல எது நல்லதுன்னு அக்கா அரை நாள் யோசிச்சு எடுத்தா. நீ அதையே எடுத்தாலும் அது நீ எடுத்ததுதான்." பிறகு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "உனக்கு இம்புட்டுப் பேச வருமா?"

உள்ளேயிருந்து காபி வந்தது. அதைப் பற்றி மேற்கொண்டு பேசவில்லை. கிளம்பும்போது, "ஞாயித்துக்கிழமை வாரேன்" என்றான்.

வந்தான். சேலம் நம்பரைச் சொல்லவில்லை, எனக்கு மனப்பாடம் என்று அவனுக்குத் தெரியும். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். இந்தத் தடவை சிரிப்பு இல்லை. அவன் நிறைய நேரம் கேட்டுக்கொண்டே இருந்தான். பிறகு கதவைத் திறந்து, ரிசீவரை வயர் எட்டும் வரைக்கும் என் பக்கம் நீட்டினான்.

"நீயே சொல்லு. என்னால முடியல."

நான் தலையை ஆட்டினேன். அவன் கையை மடக்கவில்லை. எழுந்து போனேன். இரண்டு வருடமாக அந்தப் பூத்தில் உட்கார்ந்திருக்கிறேன், அந்த அறைக்குள் நின்று பேசியதில்லை. ரிசீவரில் இன்னும் அவன் காதின் சூடு இருந்தது. அந்தப் பக்கம் ஒரு குழந்தை சிணுங்கியது.

"அக்கா, நான் பூத்துல இருக்கிறவன். உங்க நீர்க்காகத்தை நான்தான் வெளிய விட்டுட்டேன். அவன் மேல தப்பு இல்ல. ஏமாத்திட்டான்னு நினைச்சு, கோவத்துல விட்டுட்டேன்."

குழந்தையைத் தோள் மாற்றுகிற சத்தம் கேட்டது. வைத்துவிடுவார் என்று நினைத்தேன்.

"எந்த ஊருல விட்டீங்க?" என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு நினைத்துப் பார்த்தேன். விளையாட்டுக்குள் அன்று நான் நின்றிருந்தது கடற்கரை ஓரத்து ஊர். அதைச் சொன்னேன்.

"அங்க தண்ணி இருக்கும்ல?"

"இருக்குக்கா" என்றேன். "நெறைய இருக்கு."